குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் பிழை: எது ஆபத்து, யாரிடம் போய்த் திருத்துவது?

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் மாறியது. அதிலிருந்து சான்றிதழில் ஓர் எழுத்து பிசகினாலும் பெற்றோர் மாநகராட்சிக்கும் மருத்துவமனைக்கும் அலைகிறார்கள். அலையத்தான் வேண்டும். ஆனால் அதே பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுக்கு வந்தபின் யாரும் எடுத்துப் படிப்பதில்லை. குழந்தையின் உடம்புக்கே கேடு செய்யக்கூடிய பிழைகள் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கின்றன.

பெயர், ரத்த வகை போன்ற கண்ணில் படும் பிழைகளுக்குப் பதறுகிறோம். எடையில் ஓர் இலக்கம், அலர்ஜி என்ற ஒற்றைச் சொல், எத்தனை வாரத்தில் பிறந்தது என்ற எண் ஆகியவற்றைக் கவனிக்காமல் விடுகிறோம். எந்தப் பிழையை முதலில் துரத்துவது, எப்படித் திருத்துவது என்பதைப் பார்ப்போம்.

எந்தத் தாள் மூலம், எது நகல்?

மருத்துவமனையில் இருக்கும்போது டாக்டரும் நர்ஸும் அன்றன்று எழுதுவது கேஸ் ஷீட். அதுதான் மூலப் பதிவு; மருத்துவமனையின் மருத்துவப் பதிவுத் துறையில், எல்லாரும் சொல்கிற பெயரில் எம்.ஆர்.டி. செக்‌ஷனில், இருக்கும். வீட்டுக்குக் கிளம்பும்போது நம் கையில் கொடுப்பது டிஸ்சார்ஜ் சம்மரி. அது கேஸ் ஷீட்டைப் பார்த்து, பெரும்பாலும் பயிற்சி டாக்டர் ஒருவர் சுருக்கி எழுதியது. ரத்தப் பரிசோதனை முடிவு லேபின் பதிவு. தடுப்பூசி விவரம் தாய் சேய் நல அட்டையிலும், தனியாரில் போட்டால் அவர்கள் தரும் புத்தகத்திலும் இருக்கும். இவை போக, தமிழ்நாட்டின் கர்ப்பிணி, குழந்தைப் பதிவான பிக்மி, ஒன்றிய அரசின் தடுப்பூசிப் பதிவான யூ-வின், மருத்துவப் பதிவுகளை இணைக்கும் ஆபா கணக்கு என்று கணினிப் பதிவுகள் தனி.

ஒரு பிழையைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது மூலத்திலேயே இருக்கிறதா, நகலெடுக்கும்போது நுழைந்ததா என்பது. கேஸ் ஷீட்டில் சரியாக இருந்து சம்மரியில் மட்டும் தவறென்றால் திருத்துவது எளிது. கேஸ் ஷீட்டிலேயே தவறென்றால் அதை எழுதிய டாக்டர் வேண்டும்.

பிழை எங்கிருந்து வருகிறது?

நள்ளிரவில் குழந்தைக்கு வலிப்பு. அப்பா அட்மிஷன் கவுன்டரில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார், அம்மா குழந்தையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், டாக்டரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது பாட்டி. "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்க, பாட்டி குழந்தையின் மாமாவுக்குச் சின்ன வயதில் வந்ததைச் சொல்கிறார். தாளில் அது குழந்தைக்கே முன்பு வந்ததாக ஏறிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அசட்டையாக இல்லை. பிழை மட்டும் உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு வழி, தயார் வாசகங்கள். பல மருத்துவமனைகளில் பழைய சம்மரியைத் திறந்து பெயரை மாற்றிப் புதியது தயாரிப்பார்கள். பெண் குழந்தையின் சம்மரியில் நடுவில் ஒரு வரி ஆண் குழந்தை என்று இருந்தால், அது வேறு குழந்தையின் தாளிலிருந்து வந்தது என்று பொருள். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் முழுச் சம்மரியையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். எடை, மருந்து, பரிசோதனை முடிவு எதுவும் அப்படி வந்திருக்கலாம். 'வயதுக்கேற்ற தடுப்பூசிகள் போடப்பட்டுள்ளன' என்ற வரி யாரும் கேட்காமலேயே அச்சாகிவிடுவதும் இந்த வகைதான்.

பிறந்த குழந்தைக்குப் பெயர் இருக்காது என்பது மூன்றாவது காரணம். 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மா பெயர் எழுதுவார்கள். ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள், அல்லது இரட்டைக் குழந்தைகள் என்றால் தாள் மாறிவிட வாய்ப்பு அதிகம். நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில், அம்மாவின் முதற்பெயரையும் சேர்த்துத் தனித்துவமான தற்காலிகப் பெயர் வைத்துப் பார்த்தார்கள். ஒரு குழந்தைக்கான மருத்துவ உத்தரவை வேறு குழந்தைக்குப் போடும் தவறுகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததாக 2015-ல் வெளியான ஆய்வு சொன்னது. அமெரிக்காவில் 2019 முதல் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளுக்கு இப்படித் தனித்துவமாகப் பெயரிடும் முறை கட்டாயமானது.

இதெல்லாம் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் தங்கள் மருத்துவக் குறிப்புகளைத் தாங்களே படித்த நோயாளிகளிடம் கேட்டபோது, ஐந்தில் ஒருவர் பிழை கண்டதாகச் சொன்னார். பிழை கண்டவர்களில் பத்துக்கு நாலு பேர் அது தீவிரமானது என்றார்கள். அந்த ஆய்வு 2020-ல் வெளியானது.

1.7 என்பது 2.7 ஆனால்

34 வாரம் முடிந்த சில நாளில், 1.7 கிலோ எடையில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்மரியில் தட்டச்சுப் பிழையாக 'பிறப்பு எடை: 2.7 கிலோ' என்று விழுகிறது. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, வீட்டுக்குப் போகிறது.

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். ஆர்.ஓ.பி. என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய்க்கு வெளியில் அறிகுறி எதுவும் தெரியாது. அதனால் 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாளுக்குள் கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது இந்தியாவில் உள்ள வழிகாட்டுதல். இன்னும் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். நோய் கண்டுபிடிக்கப்பட்டால் லேசர் சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசம் நாள் கணக்குதான்.

நம் குழந்தை 34 வாரம் முடிந்து பிறந்தது. ஆகவே அதைக் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லும் காரணம் எடை ஒன்றுதான். 2.7 என்று படிக்கும் டாக்டர், வேறு சிக்கல் எதுவும் எழுதியிருக்காவிட்டால், அனுப்ப மாட்டார். ஊருக்குப் போய்விட்ட அம்மாவுக்கும் தெரியாது. ஓர் இலக்கத்தால் ஒரு குழந்தை நிரந்தரமாகப் பார்வையை இழக்கக்கூடும். பிறப்பு எடையையும் பிறந்த வாரத்தையும் வீட்டுக்குக் கிளம்பும் முன் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மற்ற பிழைகள், அபாய வரிசைப்படி

1. எடையும் மருந்தும். குழந்தைகளுக்கு மருந்து எடைக் கணக்கு. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. எடை 8.5 கிலோ என்றால் அதிகபட்சம் சுமார் 127 மி.கி.; அதையே 18.5 என்று படித்தால் 277 மி.கி. ஆகிவிடும். விடுபட்டதும் பிழையே. 'பாராசிட்டமால் 2.5 மி.லி.' என்று மட்டும் எழுதிய சீட்டைப் பாருங்கள். மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தாக எடுத்தால் அது 250 மி.கி.; 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பாக எடுத்தால் 62.5 மி.கி. நாலு மடங்கு வித்தியாசம். மருந்தின் வீரியம் எழுதப்படாத சீட்டை மருந்துக்கடைக்கு எடுத்துப்போகும் முன் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்து எழுதி வாங்க வேண்டும்.

2. அலர்ஜி முத்திரை. காய்ச்சலுக்குப் பென்சிலின் வகை மருந்தான அமாக்ஸிசிலின் கொடுத்த மூன்றாம் நாள் உடம்பில் தடிப்பு. வைரஸ் காய்ச்சலிலேயே தடிப்பு வரும். ஆனால் தாளில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதப்பட்டுவிட்டால் அது வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும். அமெரிக்காவில் பத்தில் ஒருவர் பதிவில் இந்த முத்திரை இருக்கிறது. முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அலர்ஜியே இல்லை. முத்திரை இருக்கும்வரை எளிய மருந்துக்குப் பதில் வீரியமான, விலை கூடிய மருந்துதான் கிடைக்கும். இதைக் கடிதம் எழுதி நீக்க முடியாது, வீட்டில் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. அலர்ஜி டாக்டரின் மேற்பார்வையில் சோதித்துத்தான் நீக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, உண்மையான அலர்ஜி எழுதப்படாமல் விடுபட்டால் அது உயிராபத்து; அன்றே எழுதி வாங்க வேண்டும்.

3. நோயின் பெயர். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை காய்ச்சலோடு வரும் வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு. சம்மரியில் முன்னது பின்னதாக மாறினால் பள்ளி, காப்பீடு என்று எல்லா இடத்திலும் அது தொடரும். 'இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்' என்று டாக்டர் எழுதிய சந்தேகம், அடுத்த தாளில் உறுதியான நோயாக ஏறிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. 'இரண்டு நாளாக' என்பது 'பிறந்ததிலிருந்து' என்று ஆனால் காப்பீட்டு நிறுவனம் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே பணம் தர மறுக்கலாம்.

4. தடுப்பூசி. எழுத்தில் தேதியோடு இல்லாத ஊசியைப் போடாததாகவே எடுத்துக்கொள்வது பொது வழக்கம். இதில் பெற்றோர் பயப்படுவதைவிட ஆபத்து குறைவு. தவணை தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தட்டம்மை–ரூபெல்லா போன்ற ஊசி ஒரு தவணை கூடுதலாகப் போனாலும் பொதுவாகத் தீங்கில்லை. போடாததைப் போட்டதாக எழுதியிருப்பதுதான் சிக்கல். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை அரசுத் திட்டத்தில் ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும்; தவறான 'போட்டாச்சு' அந்த வாய்ப்பை மூடிவிடும்.

5. ரத்த வகை. பள்ளி அடையாள அட்டையில் ஒன்று, பிறந்தபோது எழுதியது வேறு என்று பெற்றோர் நடுங்குவது இதற்குத்தான். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் வகையைக் காட்டும் அடையாளங்கள் பலவீனமாக இருக்கும். வகையைச் சரிபார்க்க உதவும் எதிர்ப்பொருள்களும் சில மாதங்களுக்குப் பிறகே உருவாகும். ஆகவே பிறந்தபோது எழுதியது தற்காலிகமானது. பின்னால் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அட்டையை நம்பி எந்த மருத்துவமனையும் ரத்தம் ஏற்றாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோதித்து, பொருத்திப் பார்த்துத்தான் ஏற்றும்.

அடிக்கலாம், அழிக்கக் கூடாது

பெற்றோர் பலர் கேட்பது, தவறான தாளைக் கிழித்துவிட்டுப் புதியது கொடுங்கள் என்று. அப்படிச் செய்யச் சொல்லவே கூடாது. அந்தத் தவறான எண்ணை நம்பி ஏற்கனவே மருந்து கொடுத்திருக்கலாம். மூலம் மறைந்துபோனால், ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைப் பிறகு வரும் டாக்டரால் கண்டுபிடிக்க முடியாது. நாளை வழக்கு என்று வந்தால், வெள்ளை மை பூசிய தாள் உங்கள் பக்கத்துக்கும் உதவாது.

சரியான முறை இது: பழைய எழுத்து படிக்கும்படியாகவே ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். அச்சிட்ட சம்மரி என்றால் 'திருத்தப்பட்ட சம்மரி' என்று தலைப்பில் போட்டு, எதை எப்போது திருத்தினோம் என்று ஒரு வரி எழுதி வெளியிட வேண்டும். லேப் முடிவும் இப்படித்தான்.

இன்னொன்று: நீங்களே பேனாவால் திருத்தாதீர்கள். தடுப்பூசி அட்டையில் ஒரு தேதியை நீங்கள் மாற்றினால், அடுத்துப் பார்ப்பவருக்கு அட்டை முழுவதும் சந்தேகமாகிவிடும்.

திருத்தக் கேட்கும் வழி

1. கேஸ் ஷீட்டின் நகலை வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்ற ஒழுங்குமுறைப்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனமும் டிஸ்சார்ஜுக்குப்பின் 72 மணி நேரம் என்றே சொல்கிறது. அரசு மருத்துவமனை தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

2. யாரிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெயர், தேதி, பாலினம் என்றால் எம்.ஆர்.டி. செக்‌ஷன். நோய், மருந்து, எடை என்றால் சிகிச்சை தந்த டாக்டர். பரிசோதனை முடிவு என்றால் லேப். அரசு மருத்துவமனையில் ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலரின் அலுவலகத்தில் மனு கொடுப்பது வேலையை நகர்த்தும். தாய் சேய் நல அட்டை, பிக்மி தொடர்பானதற்குக் கிராம சுகாதார செவிலியர். நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்.

3. எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கடிதம் குற்றம் சாட்ட வேண்டாம். இப்படிச் சுருக்கமாக இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் குழந்தை (பெயர், மருத்துவமனை தந்த யூ.ஹெச்.ஐ.டி. எண், அட்மிஷன் தேதி) டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் பிறப்பு எடை 2.7 கிலோ என்று உள்ளது. பிரசவ அறைப் பதிவிலும் கேஸ் ஷீட்டிலும் 1.7 கிலோ என்று உள்ளது. நகல்கள் இணைத்துள்ளேன். திருத்திய சம்மரி தருமாறும், கணினிப் பதிவிலும் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்குக் கண் பரிசோதனை தேவையா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தாளைத் திருத்துவதோடு, தவறான தாளால் தவறிப்போன சிகிச்சையையும் கேட்டாக வேண்டும். எடை, அலர்ஜி போன்றவற்றில் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். குழந்தை டாக்டரிடம் அன்றே வாயால் சொல்லிவிடுங்கள்.

4. பிழையையும் கருத்து வேறுபாட்டையும் பிரித்துப் பாருங்கள். 'தாய் சரியாகப் பால் கொடுக்கவில்லை' என்று எழுதியிருப்பது உங்களைப் புண்படுத்தலாம். அது டாக்டரின் கணிப்பு, அவர் மாற்ற மறுக்கலாம். அப்போது உங்கள் தரப்பை எழுதி, பதிவோடு இணைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் மருத்துவத் தகவல்களுக்கான ஹிப்பா சட்டத்தில் இது உரிமையாகவே இருக்கிறது: திருத்த மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், நோயாளியின் மறுப்பைப் பதிவோடு சேர்க்க வேண்டும். நம் 2002 ஒழுங்குமுறை நகல் தரச் சொல்கிறதே தவிர, திருத்துவதற்கு வழி வகுக்கவில்லை. இது பெரிய குறை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 12-ஆம் பிரிவில் திருத்தக் கோரும் உரிமையைத் தருகிறது. குழந்தைக்காகப் பெற்றோர் கேட்கலாம். ஆனால் அது கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருகிறது.

5. நகலே தராவிட்டால், தனியார் மருத்துவமனை மீது மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், டாக்டர் மீது மாநில மருத்துவக் கவுன்சிலிடமும் புகார் செய்யலாம். பிழையால் குழந்தைக்குப் பாதிப்பு நேர்ந்திருந்தால் நுகர்வோர் ஆணையத்தை அணுக இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு.

பிறப்புச் சான்றிதழ் தனி வழி

மருத்துவமனை அனுப்பும் தகவலை வைத்துத்தான் பிறப்புப் பதிவாளர் பதிகிறார். ஆகவே தேதி, பாலினம், பெற்றோர் பெயர் தவறென்றால் முதலில் மருத்துவமனையில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பதிவாளரிடம் போக வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அவருக்குத் திருத்தும் அதிகாரம் தருகிறது. முக்கியமான விவரத்தில் பிழை என்றால், உண்மை தெரிந்த நம்பகமான இருவரின் உறுதிமொழியும் கேட்பார்கள். அந்தப் பிரிவும் மூலப் பதிவை மாற்றாமல், ஓரத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போடச் சொல்கிறது. குழந்தையின் பெயரைச் சேர்ப்பது திருத்தமே இல்லை. ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டுவரை கட்டணத்தோடு.

திருத்தியபின்

புதிய சம்மரி கைக்கு வந்ததும் பழையது எங்கெல்லாம் போனது என்று பட்டியல் போடுங்கள்: வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டர், காப்பீட்டு நிறுவனம், பள்ளி, ஆபா கணக்கு, உறவினர் வாட்ஸ்அப்பில் இருக்கும் போட்டோ. ஒவ்வொரு இடத்துக்கும் புதியதை அனுப்பி, பழையதை மாற்றிவிட்டதாக உறுதி வாங்க வேண்டும். மருத்துவமனையில் சரியாகி, டாக்டரின் கணினியில் பழையதே தங்கிவிட்டால் அடுத்த மருந்துச் சீட்டு பழைய எண்ணிலிருந்துதான் வரும். வீட்டு ஃபைலில் பழைய சம்மரியைத் தூக்கிப் போடாமல், புதியதன் பின்னால் சேர்த்து வையுங்கள்.

அந்த 2002 ஒழுங்குமுறையே உள்நோயாளிப் பதிவை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்கத்தான் டாக்டர்களைக் கட்டாயப்படுத்துகிறது. அதன்பின் கேஸ் ஷீட் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. மூலம் போனால் ஆதாரமும் போகும். குழந்தைக்கு இரண்டரை வயது ஆகிறது, பிரசவ நேரத்துப் பதிவு இன்னும் வாங்கவில்லை என்றால், விண்ணப்பத்தை இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.